காவிரிப் படுகைக்கு எந்தத் தொலைநோக்கி?

தொலைநோக்கி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸான ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் பெருக்கம். ஐபீஸை மாற்றினால் அதுவும் மாறிவிடும். 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. மாறாமல் நிற்பது லென்ஸின் அல்லது ஆடியின் விட்டம் ஒன்றே. உருப்படியாகப் பயன்படும் பெருக்கத்தின் உச்சவரம்பு, மில்லிமீட்டரில் சொல்லும் அந்த விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு: 70 மி.மீ.க்கு 140, 150 மி.மீ.க்கு 300. 70 மி.மீ. லென்ஸ் பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று அச்சடித்திருந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த சிக்கல், எந்த ஊருக்கு எழுதிய ஆலோசனையை நாம் படிக்கிறோம் என்பது. இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் தங்கள் வானத்துக்காக எழுதியவை. தஞ்சாவூரும் திருவாரூரும் நாகப்பட்டினமும் 11 டிகிரி வடக்கை ஒட்டி இருக்கின்றன. வானமும் வேறு, காற்றும் வேறு. அதே கருவி அங்கே நன்றாக வேலை செய்யும், இங்கே மல்லுக்கு நிற்கும்.

நம் வானமும் நம் காற்றும்

துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. கையை நீட்டி முஷ்டியை வைத்துப் பார்த்தால் ஒரு முஷ்டி உயரம். தென்னந்தோப்போ பக்கத்து வீட்டு மாடியோ அதை எளிதாக மறைத்துவிடும். மறைக்காவிட்டாலும் வயல்வெளிப் புகைமூட்டத்தில் மங்கிக் கிடக்கும். அதை நம்பி அமைக்க வேண்டிய கருவிகளுக்கு இது முதல் அடி.

மாறாக, கோள்கள் நமக்குத் தலைக்கு மேலேயே வருகின்றன. வியாழனும் சனியும் உச்சத்துக்கு வரும்போது 55 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பல ஆண்டுகளில் 75 டிகிரியைத் தாண்டுகின்றன. காற்றின் தடிமன் குறைந்த பாதையில் ஒளி வருவதால் படம் நடுங்காமல் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஏங்கும் வசதி இது. ஆனால் தலைக்கு நேர் மேலே நோக்கும்போது ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகத் தகராறு செய்யும். அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது வரம் தென்வானம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 12.5 டிகிரியில் அமைந்ததன் பயனே தென்வானமும் எட்டும் என்பதுதான். டெல்டா அதைவிடவும் தெற்கே. ஒமேகா சென்டாரி என்னும், விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கொத்து இங்கே 31 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. வைகாசி பிறக்கும்போது இரவு பத்து மணிக்குத் தெற்கே பார்த்தால் உச்சத்தில் நிற்கும். அதற்குச் சற்று முன்பாக, இன்னும் கீழே, திரிசங்கு என்னும் தென்சிலுவை. பங்குனி, சித்திரையில் கரினா நெபுலா என்னும் ஒளிரும் வாயுமேகம் 19 டிகிரியில். கோடியக்கரையில் நின்றால் தெற்கே பாக் நீரிணைதான். விளக்கும் இல்லை, மரமும் இல்லை.

கடைசியாக ஈரம். நவரைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் கட்டிய வயல்களுக்கு நடுவே, மார்கழியிலும் தையிலும் இரவு ஒன்பது மணிக்கே பைக் சீட்டில் பனி வடிந்து நிற்கும். அதே பனி லென்ஸிலும் நிற்கும். படுகையில் தொலைநோக்கியை முடிவு செய்வதில் விட்டத்துக்கு அடுத்தபடி கணக்கில் எடுக்க வேண்டியது இதுவே. விலைப்பட்டியலில் எங்கேயும் இது இருக்காது.

பைனாகுலர்: எல்லோருக்கும் முதலில்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 10x50 அல்லது 7x50 (முதல் எண் பெருக்கம், அடுத்தது மி.மீ.யில் லென்ஸ் விட்டம்) ஒன்று இருந்தால் கார்த்திகை அறுமீனும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலமும் முழுதாகத் தெரியும். இந்த அகலமான காட்சியைப் பெரிய தொலைநோக்கி எதுவும் தராது. சுவரில் சாய்ந்து அசையாமல் பிடித்தால் வியாழனின் நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். சனியின் வளையம் தெரியாது. அதற்குக் குறைந்தது 25 மடங்கு வேண்டும்.

வாங்கும்போது ஒரே ஒரு சோதனை. தூரத்துக் கைபேசிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறங்கள். ஒரு நொடி இரண்டு கோபுரம் தெரிந்து பிறகு ஒன்று சேர்ந்தால் இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை என்று பொருள். அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பவை கையில் பிடிக்கத் தோதானவை அல்ல. 'ஜூம்' பைனாகுலர் வேண்டவே வேண்டாம்.

லென்ஸ் குழாய்: பள்ளிக்கூடத்துக்கு நல்லது

70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும், அல்லது 90க்கு 900 உள்ள ரெஃப்ராக்டர்தான் ஊரில் அதிகம் காணப்படுவது. இதன் பெரிய பலம், யார் தொட்டாலும் கெடாது என்பது. லென்ஸ்கள் தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருக்கும். வரப்பில் பைக்கில் குலுங்கிக்கொண்டு போய் இறக்கினாலும் உடனே பார்க்கலாம். ஆசிரியர் மாறினாலும் கருவி வேலை செய்ய வேண்டிய பள்ளிக்கு இது முக்கியம்.

70 மி.மீ. நிலவுக்கும் வியாழனின் இரண்டு பட்டைகளுக்கும் சனி வளையத்துக்கும் போதும். 90க்கு வந்தால் வளையத்துக்கு நடுவே ஓடும் காசினி இடைவெளி, வளையம் நன்றாகத் திறந்திருக்கும் ஆண்டுகளில், நிதானமான இரவில் தெரியும். 2025 மார்ச் 23 அன்று வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டியது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழுச் சாய்வுக்கு வரும். ஆகவே இப்போது வாங்குகிறவருக்கு நல்ல காலம் முன்னால் இருக்கிறது.

பிரச்சினை எப்போதும் குழாயில் இருப்பதில்லை, காலில்தான். பெட்டியோடு வரும் மெல்லிய அலுமினிய முக்காலி, ஆடிக்காற்று அடித்தால் ஆடும். குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஐபீஸில் பாருங்கள்: இரண்டு மூன்று நொடியில் படம் அடங்கினால் சரி, ஐந்து நொடிக்கு மேல் போனால் அந்தக் கால் உதவாது. கால்களை முழுதாக இழுக்காமல் பாதி மட்டும் இழுத்து, நடுத்தட்டிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் பாதிக் கோளாறு தீரும்.

இன்னொன்று, நம் கோள்கள் தலைக்கு மேலே இருப்பதால் குழாய் நிமிர்ந்து நிற்கும். ஐபீஸ் முழங்கால் உயரத்துக்குப் போய்விடும். ஒளியை மடக்கி ஐபீஸுக்குத் திருப்பும் டயகனல் 90 டிகிரியில் அவசியம். பெட்டியில் 45 டிகிரி டயகனல் இருந்தால் அது பகலில் பறவை பார்க்கத்தான். வியாழனைப் பார்க்கக் கழுத்து ஒடியும். குழாயின் அடிப்பகுதி முக்காலியின் காலில் இடிக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே நிமிர்த்திப் பார்த்துவிடுங்கள்.

டாப்சோனியன்: டெல்டாவுக்குப் பொருத்தமானது

1960களில் ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் மக்களுக்கு வானம் காட்டுவதற்காகப் பரப்பிய அமைப்பு இது. ஆடி வைத்த குழாய், அதைத் தாங்க மரப்பெட்டி. மேலும் கீழும் தள்ளலாம், பக்கவாட்டில் சுற்றலாம்; அவ்வளவுதான். துருவ நட்சத்திரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கொடுத்த பணம் முழுதும் ஆடியில் போகிறது. 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள டாப்சோனியன் இந்தக் கட்டுரையின் நேரடிப் பரிந்துரை.

காரணத்தை எண்ணில் சொல்கிறோம். 70 மி.மீ. லென்ஸ், இருட்டில் 7 மி.மீ. விரிந்த கண்ணைப்போல் 100 மடங்கு ஒளி சேர்க்கும். 150 மி.மீ. ஆடி ஏறத்தாழ 460 மடங்கு. ஒமேகா சென்டாரியை 70இல் பார்த்தால் பஞ்சு உருண்டை. 150இல் 120 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் அந்தப் பஞ்சு முழுதும் பொடிப்பொடியான விண்மீன்களாக உதிர்ந்து நிற்கும். தென்வானம் திறந்துகிடக்கும் ஊரில் இருந்துகொண்டு அதைப் பஞ்சாகவே பார்த்துப் போவது பெரிய இழப்பு.

பனி விஷயத்திலும் இதுவே முந்துகிறது. ஆடி குழாயின் அடியில், கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. திறந்த வானத்தை அது நேரே பார்ப்பதில்லை. ஆகவே லென்ஸைப்போல் சீக்கிரம் குளிர்ந்து பனி பிடிப்பதில்லை. மேலே இருக்கும் சிறிய இரண்டாம் ஆடிதான் நள்ளிரவுக்குமேல் மங்கும். குழாயின் வாயில் கறுப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டிக் கட்டினால் அதுவும் தள்ளிப்போகும். குறிபார்க்கும் சிறு குழாயான ஃபைண்டர் மட்டும் பனியில் முதலில் போய்விடும். அதற்கு ஒரு கைக்குட்டை மூடி.

உயரமும் தோது. குழாய் நிமிர்ந்து நிற்கும்போது ஐபீஸ் சுமார் 120 செ.மீ. உயரத்தில் வரும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நின்றபடியே பார்க்கலாம். சாய்க்கும்போது இன்னும் இறங்கும். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, வானம் நகரும். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 48 மடங்கில் பார்வைப் புலம் ஒரு டிகிரி சொச்சம் என்பதால் சனியை ஓரத்தில் நிறுத்தினால் மறு ஓரம் போக நான்கு நிமிடம். 120 மடங்கில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. வரிசையில் பிள்ளைகள் நிற்கும்போது இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை தள்ளிக்கொடுக்க வேண்டும். தள்ளும்போது கோளை நடுவில் நிறுத்தாமல், அது நகரும் திசையில் குழாயைச் சற்று முன்னே கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு ஆள் கூடுதலாகப் பார்ப்பார்.

இரண்டாவது, உச்சிக்குழி. தலைக்கு நேர் மேலே 10 டிகிரி ஆரமுள்ள வட்டத்துக்குள் ஒரு கோள் இருக்கும்போது பக்கவாட்டில் சுற்றுவது பயன்தராது. கொஞ்சம் நகர்த்தப் பெட்டியைக் கால்வாசி சுற்ற வேண்டிவரும். நேர் உச்சி வழியாகப் போகும் கோள் அந்த வட்டத்தைக் கடக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். அதற்கு முன்போ பின்போ பார்ப்பதே வழி. உயரம் 70 டிகிரியில் இருக்கும்போது பார்த்தால் படத்தில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் படுகைக்கே உரியது: பெட்டி. இறக்குமதியாகும் டாப்சோனியனின் அடிப்பெட்டி பெரும்பாலும் அமுக்கிய மரத்தூள் பலகை. மேலே லேமினேட் இருக்கும், ஓரங்களிலும் திருகுத் துளைகளிலும் இருக்காது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் திண்ணையில் கிடந்தால் ஓரம் ஊறி உப்பிவிடும். திருகு பிடிப்பு விட்டுப் பெட்டி ஆடும். வாங்கிய வாரத்திலேயே ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்து, துளைகளில் பசை விட்டுத் திருகை ஏற்றுங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் வருத்தப்பட வேண்டாம்: அதே அளவுக்கு 18 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் உள்ளூர் ஆசாரி ஒருவர் செய்து கொடுத்துவிடுவார். பழைய பெட்டியின் டெஃப்லான் துண்டுகள் மூன்றையும் எடுத்துப் புதியதில் அடிக்கால்களுக்கு நேர் மேலே பொருத்தி, அதன்மேல் சுழலும் தட்டின் அடியில் சன்மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். சொரசொரப்பான சன்மைக்காவே நல்லது. வழவழப்பானது ஒட்டிக்கொண்டு, தள்ளினால் குதிக்கும். குழாயை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தலையாட்டி பொம்மைபோல் தன் நிலைக்குத் திரும்பினால் எடைச்சமநிலை தப்பு. லேசான பக்கம் ஒரு காந்தத்தையோ எடைத் துண்டையோ ஒட்டுங்கள்.

நான்காவது கொலிமேஷன். இரண்டு ஆடியும் ஒரே அச்சில் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது. இதற்குப் பயந்தே பலர் லென்ஸுக்குப் போகிறார்கள்; பத்து நிமிட வேலைதான். குழாயைக் கிடைமட்டமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள், கை தவறி விழும் திருகுச்சாவி ஆடிமேல் விழக் கூடாது. ஐபீஸ் இருக்கும் இடத்தில், நடுவில் 2 மி.மீ. துளை போட்ட மூடியைச் செருகிப் பாருங்கள். இரண்டாம் ஆடிக்குள் பெரிய ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் தெரிய வேண்டும். ஒன்று மறைந்திருந்தால் இரண்டாம் ஆடியின் மூன்று சிறு திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று தளர்த்தி மற்றதை இறுக்குங்கள். நடுத்திருகை அதிகம் தளர்த்தாதீர்கள். ஆடி கழன்று விழும். பிறகு குழாயின் அடியில் பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, ஸ்ப்ரிங் உள்ள மூன்று குமிழ்களைத் திருப்பி, பெரிய ஆடியின் நடுவே ஒட்டிய வளையத்துக்குள் உங்கள் துளையின் பிம்பம் வந்து உட்காரும்படி செய்யுங்கள். பூட்டுத் திருகை லேசாக இறுக்குங்கள். வலுவாக இறுக்கினால் மறுபடி விலகும்.

இறுதிச் சோதனையை விண்மீனில் வைக்க வேண்டும். நூல்களில் துருவ நட்சத்திரத்தைச் சொல்வார்கள், நகராது என்பதால். நமக்கு அது 11 டிகிரியில் காற்றின் கொதிப்பில் துடித்துக்கொண்டிருக்கும், உதவாது. தலைக்கு மேல் நிற்கும் பிரகாசமான ஒன்றை எடுங்கள், மாசியில் திருவாதிரை போதும். 150 மடங்கில் வைத்துச் சற்றுக் குவியத்தைத் தளர்த்தினால் வடைபோல் ஒரு வட்டம் தெரியும். நடுத்துளை நடுவில் இருந்தால் சரி. ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் விண்மீனைப் பார்வையின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பாருங்கள்.

இங்கேதான் 1200 மி.மீ. நீளக் குழாய் 650 மி.மீ. குட்டைக் குழாயை வெல்கிறது. 130 விட்டமும் 650 குவியத்தூரமும் உள்ள மேசை டாப்சோனியன் பையில் தூக்கிப்போக அருமையானது. 6 கிலோ சொச்சம், பேருந்திலும் கொண்டுபோகலாம், கார்த்திகை அறுமீனை முழுதாகக் காட்டும். ஆனால் அதில் ஒளி குவியும் கூம்பு குட்டை; கொலிமேஷனில் பொறுத்துக்கொள்ளும் இடம் நீளக் குழாயில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கே. கொஞ்சம் விலகினாலும் கோள்கள் குழம்பும். அதை வைப்பதற்கும் நல்ல பீடம் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. மரமுக்காலி அல்லது களத்துமேட்டுச் சிமெண்டுத் திண்டு.

200 மி.மீ.க்குத் தாவலாமா? ஒளி 1.8 மடங்கு கூடும், எடை 25 கிலோவைத் தொடும். தரைத்தளத்தில் வீடும் முற்றமும் இருந்தால் தாராளமாக. குறுகலான மாடிப்படி என்றால் மூன்றாவது மாதத்திலிருந்து அது கீழேயே கிடக்கும். 150, குழாயும் பெட்டியும் சேர்ந்து 16 கிலோ அளவில், இரண்டு நடையில் மேலே போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. 114 விட்டம், 1000 குவியத்தூரம் என்று எழுதியிருக்கும், ஆனால் குழாயை அளந்தால் அரை மீட்டர்கூட இருக்காது. 127/1000 என்றும் வரும். ஐபீஸ் செருகும் ஃபோகஸர் குழாய்க்குள் ஒரு மலிவு லென்ஸை வைத்து நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த லென்ஸை எடுக்காமல் கொலிமேஷன் செய்ய முடியாது. எடுத்தாலும் படம் கூராகாது. ஆடித் தொலைநோக்கியில் குழாய் நீளமும் குவியத்தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று நாடா வைத்து அளந்தே வாங்குங்கள்.

மக்சுடோவ்: ஊருக்குள் இருப்பவருக்கு

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ அடுக்குமாடியில் இருந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் நிலவும் கோள்களும் மட்டுமே குறி என்றால் லென்ஸும் ஆடியும் சேர்ந்த 127 மி.மீ. மக்சுடோவை எண்ணிப் பாருங்கள். 1500 மி.மீ. குவியத்தூரத்தை ஒரு முழம்கூட இல்லாத குழாய்க்குள் மடக்கி வைத்திருக்கிறார்கள். கொலிமேஷன் அநேகமாகக் கலையாது. கோள்கள் கூராக வரும். கார்த்திகை அறுமீன் முழுதும் பார்வைக்குள் அடங்காது. பார்வைப் புலம் அதிகபட்சம் ஒரு டிகிரி சொச்சம். விலை 150 டாப்சோனியனைவிடக் கூடுதல்.

இதன் பலவீனம் முன்கண்ணாடி. தடிமனான கண்ணாடி, திறந்தவெளியில், வானத்தைப் பார்த்தபடி. தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது; பனிநிலைக்குக் கீழே இறங்கியதும் ஈரம் படிகிறது. மார்கழியில், குழாயின் வாயைத் தாண்டி நீளும் பனிக்கூடு இல்லாமல் வைத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காத இரவுகள் உண்டு. முதல் அறிகுறி, வியாழனைச் சுற்றிப் பால்போல் ஒரு வளையம். அப்போது கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. பனியோடு படிந்த தூசி கோடு போட்டுவிடும்.

பனிக்கூட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய யோகா மேட் போதும், 5 அல்லது 6 மி.மீ. தடிமன். குழாயின் வெளிவிட்டம் 145 மி.மீ. என்றால் சுற்றளவு 45.5 செ.மீ.; மேல்மடிப்புக்கு 3 செ.மீ. சேர்த்து 48.5 செ.மீ. அகலம் வெட்டுங்கள். குழாய்க்கு வெளியே நீட்ட வேண்டியது 127 மி.மீ. விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, 19 முதல் 25 செ.மீ.; குழாயைப் பிடிக்க இன்னொரு 5 செ.மீ. உள்பக்கம் கறுப்பாக இருக்கட்டும். வெல்குரோ பட்டையால் கட்டுங்கள். பின்னிரவு வரை போக வேண்டுமானால் யுஎஸ்பி சூட்டுப்பட்டை. 10 வாட் பட்டைக்கு 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். பனி வந்த பிறகு சூட்டுவதைவிட, வெளியே எடுத்த நிமிடமே குறைந்த சூட்டில் போட்டுவிடுவது மேல்.

ஏசி அறையிலிருந்து நேரே மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால், சித்திரை வெயில் காலத்திலும் ஒரு நொடியில் கண்ணாடி முழுதும் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு திறங்கள். மொட்டைமாடியே ஒரு தொல்லைதான்: பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து மணி வரை அனல் விடும், படம் கானல்போல் நெளியும். மாலையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிக் குளிரவிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஈக்குவடோரியல் மவுண்ட்: படம் எடுப்பவருக்கு மட்டும்

மவுண்ட் என்பது குழாயைத் தாங்கும் பீடம். வானத்தின் சுழற்சியை ஒரே அச்சில் பின்தொடரும் இந்த மவுண்டின் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். நமக்கு 11 டிகிரி, ஏறத்தாழப் படுத்த நிலை. சில மவுண்டுகளின் சாய்மான அளவுகோல் 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. இறங்கினாலும், குழாய்க்கு எதிரெடை மாட்டும் எடைக்கம்பி இங்கே கிட்டத்தட்ட நேர் கீழே தொங்கும். வடக்குப் பக்கம் முக்காலியின் கால் இருந்தால் எடை அதில் மோதும். காலைச் சுற்றிவைத்து, வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி வரும்படி செய்ய வேண்டும், அல்லது மவுண்டுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு நீட்டிப்புத் தூண். துருவப் பார்வைக்குழாயில் பார்க்கத் தரையில் மண்டியிட வேண்டும். பார்த்தாலும் எதிரே தென்னை.

கேமராவில் நீண்ட நேர ஒளிப்பதிவு செய்யத் தீர்மானித்தவருக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை. கண்ணால் பார்க்க வாங்குகிறவருக்கு, முக்கியமாக முதல் கருவியாக, இது வேண்டாம். பெட்டிக் கருவிகளோடு வரும் மலிவான ஈக்குவடோரியல் மவுண்ட் இந்தத் தொந்தரவு எல்லாவற்றையும் தந்துவிட்டு ஆட்டமும் தரும்.

ஸ்மார்ட் தொலைநோக்கி

2023இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்றவை வேறு இனம். 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத்தூரம், உள்ளே கேமரா, ஐபீஸ் கிடையாது. தானே வானத்தில் தன் இடத்தைக் கண்டுபிடித்து, 10 நொடிப் படங்களை அடுக்கி நெபுலாவைக் கைபேசியில் நிறத்தோடு காட்டும். தெருவிளக்கு வெளிச்சத்திலும் வேலை செய்யும் என்பது பெரிய வசதி. கோள்கள் மட்டும் மிகச் சிறிதாக வரும். சனி வளையத்துக்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான். நேர் உச்சியில் இதுவும் திணறும். ஈக்குவடோரியல் நிலையில் வைக்க நம் அட்சரேகையில் கருவியைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும், முக்காலியோடு கவிழும். ஒரு காலைச் சாய்வுப் பக்கம் நேராக வைத்து மணல் பையால் அழுத்துங்கள்.

கண்ணால் நேரே பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. சனியின் ஒளி தன் கண்ணுக்குள் நேரே விழும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் மாற்றம் திரைக்கு முன் வருவதில்லை. ஊர்த் திருவிழாவுக்கும் பள்ளிக்கும் ஐபீஸ் உள்ள கருவியையே சொல்வோம்.

வாங்கிய பிறகு

விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், வரிசை மாறாது: பைனாகுலர், 70 லென்ஸ், 130 மேசை டாப்சோனியன், 150 டாப்சோனியன், அதற்கும் மேல் 127 மக்சுடோவ். கையில் இருப்பது நூறு ரூபாய் என்றால் எழுபதைக் குழாய்க்கும் மவுண்டுக்கும், இருபதை 32 மி.மீ.யும் 6 அல்லது 8 மி.மீ.யும் ஆகிய இரண்டு நல்ல ஐபீஸுக்கும், பத்தைப் பனிக்கும் பூஞ்சைக்கும் ஒதுக்குங்கள். பெட்டியில் வரும் 4 மி.மீ. ஐபீஸும் பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பிளாஸ்டிக் பார்லோ லென்ஸும் பயன்படுத்தத் தக்கவை அல்ல.

பூஞ்சைதான் டெல்டாவின் மெதுவான எதிரி. லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் படர்ந்து, விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். பழைய கருவி வாங்கும்போது டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, வலை இருந்தால் வேண்டாம். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐபீஸ்களைக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன. சமையலுக்கு எடுக்காத ஒரு சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். நனைந்து வந்த குழாயை மூடி போடாமல் மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்துக் காலையில் மூடுங்கள்.

வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று ஆடியின் அலுமினியப் பூச்சைத் தின்னும். கடற்கரையில் பார்த்த மறுவாரம் ஆடியைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கழுவ வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு மென்மையான பாத்திர சோப்பு, சுத்தமான பஞ்சு. பஞ்சை அழுத்தாமல், அதன் எடையிலேயே ஒரே திசையில் இழுத்து எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி பெட்டியில் இருந்தால் இன்றே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெயிலில் அது வெடிக்கும், கண் போகும். வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயில்தான். 2019 டிசம்பர் 26இல் திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போன வளைய கிரகணம்போல், 2031 மே 21 அன்று நண்பகலை ஒட்டி இன்னொன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து இலங்கையின் வடக்குக்குப் போகிறது; படுகையிலும் சூரியன் பெரும்பகுதி மறையும். அன்று வெயில் தலைக்கு மேலே நிற்கும், காற்றும் அடிக்கும். கண்ணுக்குப் பார்க்க ஏற்ற, அடர்த்தி எண் 5.0 உள்ள சூரியத் தாளை அட்டை வளையத்தில் ஒட்டி, வளையத்தைக் குழாயோடு நான்கு இடத்தில் டேப் போட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் தாளை 60 வாட் பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தாளை வெட்டிப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். ஃபைண்டரைக் கழற்றிவிட மறக்காதீர்கள்; அதன் வழியாகவும் வெயில் வரும்.